மௌனம் சம்மதமா? குப்பைத் தபாலும் வீட்டு வாசலும்

நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போய் இறங்கிப் பத்து நாள்கூட ஆகியிருக்காது, என் பெயருக்குத் தபால் வந்தது. ‘மிஸ்டர்’ என்ற அடைமொழியோடு என் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. வீட்டுக் கூரை பழசாகிவிட்டதே, மாற்றவில்லையா என்று அக்கறையோடு விசாரித்தார்கள். நான் வந்திருப்பது பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. கூரைக்காரருக்கு எப்படித் தெரிந்தது?

விஷயம் எளியது. நம் ஊரில் இனிஷியலாக இருக்கும் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் விரிந்து, அமெரிக்காவில் குடும்பப் பெயராக உட்கார்ந்துவிடுகிறது. மகளின் பெயருக்குப் பின்னால் நிற்கும் என் பெயரை ஏதோ ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டு, அந்த வீட்டில் அப்படி ஓர் ஆண், குடும்பத் தலைவர், இருப்பதாக முடிவுகட்டியிருக்கிறது. விமானம் ஏறுவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே நான் அந்த வீட்டில் குடியிருந்திருக்கிறேன்.

மகள் தபாலை வீட்டுக்குள் கொண்டுவருவதே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கார் நிறுத்தும் இடத்தில் மறுசுழற்சித் தொட்டியின் முன்னால் நின்று, சீட்டு கலைப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள். வழவழவென்று வழுக்கும் சூப்பர் மார்க்கெட் நோட்டீஸ், பல் மருத்துவரின் அட்டை, எப்போதோ காலி செய்து போனவர் பெயருக்கு ஒரு துணிக்கடை கேட்டலாக். பெயருக்குக் கீழே ‘ஆர் கரன்ட் ரெசிடென்ட்’: அவர் இல்லாவிட்டால் இப்போது குடியிருப்பவர் எவரானாலும் சரி என்று பொருள். கடன் அட்டை உறைகளை மட்டும் தனியே எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழிக்கிறாள். முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற கடன் என்று சொல்லி வரும் அந்தக் கடிதம் வேறு கைக்குப் போனால், அவள் பெயரில் இன்னொருவர் கணக்குத் திறக்க முயலலாம். கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு தபால். சில நாள் அதுவும் இல்லை.

அமெரிக்க அஞ்சல் துறையின் 2023 நிதியாண்டுக் கணக்கைப் பார்த்தால் அந்தக் கை காலியாக இருப்பதன் காரணம் தெரியும். அந்த ஆண்டில் விளம்பரத் தபால் சுமார் 5,900 கோடி. நாம் கடிதம் என்று சொல்லும் முதல் வகுப்புத் தபால் சுமார் 4,600 கோடி. கடிதத்தை விளம்பரம் முந்தியது 2005-இல். பட்டுவாடா நடக்கும் முகவரிகள் ஏறத்தாழ 16.7 கோடி என்பதால், முகவரி ஒன்றுக்கு ஆண்டுக்கு 350 வருகிறது. ஞாயிறையும் விடுமுறையையும் கழித்தால் ஒவ்வொரு தபால் நாளுக்கும் ஒன்றுக்குமேல். இது குறைந்துவந்த பிறகுள்ள எண்ணிக்கை. 2007-இல் பத்தாயிரம் கோடியைத் தாண்டியிருந்தது.

இந்தப் பெருக்கம் தானாக வந்ததில்லை. மொத்தமாக அனுப்பினால் கட்டணம் குறைவு என்ற சலுகை 1928-இல் வந்தது. ஊர், தெரு வாரியாகப் பிரிக்க உதவும் ஜிப் குறியீடு 1963-இல் வந்தது. கணினி வந்ததும் பட்டியல்கள் தாமே விற்பனைச் சரக்காயின. ‘குப்பைத் தபால்’ என்று நான் இங்கே எழுதும் சொல்லின் ஆங்கில மூலத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1953-இல் அமெரிக்க அஞ்சல் துறைத் தலைவராக இருந்த ஆர்தர் சம்மர்ஃபீல்டு, பெயரும் முகவரியும் எழுதாமலே நகரத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் விளம்பரம் போடலாம் என்று அனுமதித்தார். பத்திரிகைகள் கொதித்து எழுந்தன. அந்த வசைச் சொல்லை ஊரெல்லாம் பரப்பியதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. வாசகர் வீட்டு வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கவலையைவிட, தங்கள் பக்கங்களுக்கு வர வேண்டிய விளம்பரம் தபால்காரர் பையில் ஏறிப் போகிறதே என்ற வயிற்றெரிச்சல்தான் அதில் கூடுதலாக இருந்தது. 1955-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே ஏற்பாடு 2011-இல் ‘எவ்ரி டோர் டைரக்ட் மெயில்’ என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தபோது, எதிர்த்துக் குரல் கொடுக்கும் தெம்பு பத்திரிகைகளுக்கு இல்லை.

வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970 மே மாதத்திலேயே தீர்ப்பளித்துவிட்டது. பாலுணர்வைத் தூண்டும் விளம்பரங்களை வீட்டுக்காரர் மறுக்கலாம் என்று 1967-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அதை எதிர்த்துத் தபால் வியாபாரிகள் போனார்கள். ரோவன் வழக்கு என்று அதற்குப் பெயர். நீதிபதிகள் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: அனுப்புகிறவரின் உரிமை, விரும்பாதவருடைய தபால் பெட்டியின் வாயோடு முடிந்துவிடுகிறது. எது தூண்டுகிறது, எது தூண்டவில்லை என்று முடிவு செய்வதும் வீட்டுக்காரரே; துணிக்கடைப் பட்டியல் தன்னைத் தூண்டுகிறது என்று அவர் சொன்னால்கூட அஞ்சல் துறை குறுக்கே நின்று கேள்வி கேட்க முடியாது. படிவம் 1500 என்ற ஒன்றை நிரப்பிக் கொடுத்தால், அந்த நிறுவனம் முப்பது நாளில் பெயரை நீக்கியாக வேண்டும்.

படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. நடைமுறையில் ஒரு படிவம் ஒரு நிறுவனத்தை மட்டுமே தடுக்கும். நூறு நிறுவனங்கள் என்றால் நூறு படிவங்கள். ஒவ்வொன்றோடும் அந்தத் தபாலையே சாட்சியாக வைக்க வேண்டும். உரிமை வீட்டுக்காரருக்கு, உழைப்பும் வீட்டுக்காரருக்கு. வாய் திறக்காதவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. குப்பைத் தபால் பற்றிய சட்டச் சண்டைகள் எல்லாமே இந்த ஒரு முடிச்சில்தான் வந்து நிற்கின்றன என்பது என் முடிவு.

அமெரிக்காவில் இருப்பவர் என்ன செய்யலாம்? விளம்பர நிறுவனங்களின் சங்கமே 1971-இல் ஒரு விலக்குப் பட்டியலைத் தொடங்கியது. இன்று ‘டிஎம்ஏ சாய்ஸ்’ என்ற பெயரில் நடக்கிறது. சில டாலர் கட்டணம் கட்டினால் பத்தாண்டுக்குப் பெயர் விலக்கப்படும். வேண்டாததை அனுப்பாமலிருக்க நாம் காசு கொடுக்க வேண்டுமா என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான், ஆனாலும் கொடுத்துவிடச் சொன்னேன். சங்கத்தில் சேராத கடைகளை அது கட்டுப்படுத்தாது. கேட்டலாக்குகளுக்கு என்று 2007-இல் தொடங்கிய ‘கேட்டலாக் சாய்ஸ்’ இலவசம். எந்தக் கடையின் புத்தகம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் உறுதியாகப் பலன் தருவது கடன் அட்டைத் தபாலுக்கான வழி. காரணம், அதற்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன், இன்னோவிஸ் ஆகியவை, இன்ன தகுதி உள்ளவர்கள் என்று பெயர்ப் பட்டியல் பிரித்து வங்கிகளுக்கு விற்கின்றன. விற்காதே என்று சொல்லும் உரிமையை நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் தருகிறது. ‘ஆப்ட்அவுட் பிரீஸ்கிரீன்’ தளத்திலோ தொலைபேசியிலோ ஒரு முறை சொன்னால் ஐந்தாண்டுக்கு நிற்கும். அடைப்பதற்கு நாலு குழாய் தேவையில்லை, ஒரே குழாய்தான் என்பதுதான் இதன் சிறப்பு.

சின்னச் சின்ன ஓட்டைகளும் உண்டு. மிக்ஸி வாங்கினால் உத்தரவாத அட்டையில் வருமானம், வயது, பொழுதுபோக்கு எல்லாம் கேட்பார்கள். ரசீது போதும், அட்டையை நிரப்ப அவசியமில்லை. வீடு மாறும்போது நிரந்தர முகவரி மாற்றம் என்று அஞ்சல் துறையிடம் பதிந்தால், அந்தத் தகவல் உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாக விளம்பரக்காரர் பட்டியல்களைப் புதுப்பிக்கப் போகிறது. நாம் சொல்லாமலே பழைய குப்பை புது வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவதன் ரகசியம் அதுதான். பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக் கொடுத்து, எந்தக் கடை யாருக்கு விற்றது என்று துப்புத் துலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. நம் பெயரை அவர்களே நாலு விதமாக எழுதிவிடுகிறார்கள்.

‘வேண்டாம்’ என்று எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை. மலிவுக் கட்டண விளம்பரத் தபால், அனுப்பியவர் கேட்டுக் கட்டணம் கட்டினாலொழிய அவரிடம் திரும்பாது. அஞ்சலகத்துக் குப்பையோடு போய்விடும். பெட்டியில் ‘விளம்பரம் போடாதீர்’ என்று ஒட்டினாலும் பலிக்காது. தபால்காரர் பாவம், கட்டணம் கட்டிய எதையும் சேர்ப்பித்தே ஆக வேண்டியவர். அங்கே வீட்டுத் தபால் பெட்டிக்குள் தபால்தலை இல்லாத எதையும் மற்றவர்கள் போடக் கூடாது என்று 1934 முதல் சட்டம் இருக்கிறது; 1981-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாசலில் நாம் காசு போட்டு நட்ட பெட்டிக்குள் அஞ்சல் துறைக்கு ஏகபோகம். அந்த ஏகபோகத்தையே அது விளம்பரக்காரருக்கு விற்கிறது. வரிப்பணத்தில் அல்லாமல் தபால் வருமானத்தில் ஓடும் துறை அது. விளம்பரத் தபால் ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி டாலர் கொடுக்கிறது. தொலைபேசிக்கு 2003-இல் ‘அழைக்காதே’ பதிவேடு வந்த வேகத்தில், ‘அனுப்பாதே’ பதிவேடு கேட்டுப் பல மாநிலங்களில் மசோதாக்கள் எழுந்தன. ஒன்றுகூடச் சட்டமாகவில்லை.

அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் காட்சி தலைகீழ். ஜெர்மனியில் ஒருவர் பெட்டியில் ‘விளம்பரம் வேண்டாம்’ என்று ஒட்டியும் நோட்டீஸ் விழுந்துகொண்டே இருந்தது. அவர் தொடுத்த வழக்கில் 1988 டிசம்பர் 20 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அந்த ஒட்டுத்தாளை நிறுவனங்கள் மதித்தே தீர வேண்டும் என்றது. நோட்டீஸ் போடும் பையன் செய்த தவறு என்று கைகழுவ முடியாது. ஆளை அனுப்புகிற நிறுவனமே பொறுப்பு. நம் ஊர்ச் சுவர்களில் ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதியிருப்பதும் இதே வகை ஒட்டுத்தாள்தான். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டமும் போட்டார்கள். அந்த வாசகத்தின் மேலேயே நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்க்காத தெரு உண்டா?

நெதர்லாந்தில் 1992 முதல் இரண்டு ஒட்டுத்தாள்கள் உண்டு. ‘இல்லை–இல்லை’ என்றால் விளம்பரமும் வேண்டாம், உள்ளூர் இலவசப் பத்திரிகையும் வேண்டாம். ‘இல்லை–ஆம்’ என்றால் பத்திரிகை மட்டும் போடலாம். ஒட்டாதவர் வீட்டில் எல்லாம் விழும். அதாவது அங்கேயும் மௌனம் சம்மதமாகவே இருந்தது. ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 2018 ஜனவரி 1 முதல் இதைப் புரட்டிப் போட்டது. விளம்பரம் வேண்டுமானால் ‘ஆம்–ஆம்’ என்று ஒட்ட வேண்டும். ஒன்றும் ஒட்டாத பெட்டியில் விளம்பரம் போட்டால் அபராதம். ஒட்டுத்தாள் இல்லாத வீட்டில் விழும் காகிதம் ஆண்டுக்கு முப்பது கிலோவுக்கும் அதிகம் என்பது நகராட்சியின் கணக்கு. ஒவ்வொரு வாரமும் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டாக வந்து, பிரிக்காமலே போகிற நோட்டீஸ்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கில் சந்தேகம் வராது.

அச்சகத்தாரும் விநியோகஸ்தர்களும் நீதிமன்றம் போனார்கள். கருத்துச் சுதந்திரம், ஐரோப்பியச் சந்தையின் வணிகச் சுதந்திரம், நகராட்சிக்கு இதில் என்ன அதிகாரம் என்று எல்லாக் கோணத்திலும் வாதாடி மூன்று நீதிமன்றங்களிலும் தோற்றார்கள். 2021 செப்டம்பரில் டச்சு உச்ச நீதிமன்றம் நகராட்சியின் பக்கம் முடித்து வைத்தது. உட்ரெக்டும் ராட்டர்டாமும் அதற்குள்ளாகவே அதே வழியில் இறங்கியிருந்தன. இந்த வழக்கில் என்னைக் கவர்ந்தது, நகராட்சி எந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது என்பதுதான். தனியுரிமையையோ நுகர்வோர் உரிமையையோ அது எடுத்துக்கொண்டு போகவில்லை. குப்பையைக் குறைக்கும் அதிகாரம் எங்களுக்கு இருக்கிறது, இது குப்பையாகப் போகும் பொருள் என்றது. அமெரிக்காவில் முடிவெடுக்கிறவர் தபால்தலை விற்கிறவர். ஆம்ஸ்டர்டாமில் முடிவெடுத்தவர் குப்பை அள்ளுகிறவர். இரண்டு ஊர்களின் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் தேடவில்லை.

ஐரோப்பிய ஒட்டுத்தாளுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பெயரும் முகவரியும் எழுதி வரும் விளம்பரத்தை அது தடுக்காது. அதற்கு நிறுவனத்துக்கே எழுத வேண்டும், அல்லது ஜெர்மனியில் இருப்பதுபோன்ற ‘ராபின்சன் பட்டியலில்’ பெயர் கொடுக்க வேண்டும். ஆள் அரவமற்ற தீவில் ஒதுங்கிய ராபின்சன் குரூசோவின் பெயர்தான். விளம்பரம் வேண்டாதவர் உலகத்தையே வேண்டாதவர் என்று தொழில்காரர்கள் நினைத்தார்களோ என்னவோ. ஆக, அமெரிக்காவில் பெயர் எழுதி வருவதை ஓரளவு நிறுத்தலாம், பெயரில்லாமல் வருவதை நிறுத்த வழியில்லை. ஐரோப்பாவில் பெயரில்லாததை ஓர் ஒட்டுத்தாள் நிறுத்துகிறது, பெயருள்ளது உள்ளே வந்துவிடுகிறது.

பிரான்ஸ் 2004 முதல் ‘விளம்பரம் நிறுத்து’ ஒட்டுத்தாளை அரசே விநியோகித்தது. பிறகு 2021 ஆகஸ்ட் பருவநிலைச் சட்டத்தின்கீழ், ஆம்ஸ்டர்டாம் முறையை ‘வுய் பப்’ என்ற பெயரில் கிரெனோபிள், போர்தோ உள்ளிட்ட சில பகுதிகளில் 2022 முதல் சோதித்துப் பார்த்தது. லெக்லெர்க் சூப்பர் மார்க்கெட் 2023 செப்டம்பரில் காகித நோட்டீஸையே விட்டுவிட்டது. ஜெர்மனியின் ரேவே அதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்தியிருந்தது. ஆண்டுக்கு 73,000 டன்னுக்கு மேல் காகிதம் மிச்சம் என்று அந்த நிறுவனமே சொன்னது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 20 கோடி பிரதிகள் அச்சான ஐக்கியா கேட்டலாக் 2021 பதிப்போடு நின்றது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இவை நடக்கவில்லை. 2022-இல் காகித விலை ஏறியதும், வாடிக்கையாளர் கைபேசியில் கடையின் செயலி வந்து உட்கார்ந்ததும் சேர்ந்தே கணக்கை மாற்றின.

இதற்கு விலை கொடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். பிரான்சில் நோட்டீஸ் விநியோகத்தில் பெரிய நிறுவனமான மிலே 2024 செப்டம்பரில் திவாலாகி மூடப்பட்டது. ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு வேலை போனது. பகுதி நேரத்துக்குக் குறைந்த கூலியில் தெருத்தெருவாக நடந்தவர்கள் அவர்கள். ஓய்வூதியம் போதாமல் இந்த வேலைக்கு வந்த முதியவர்கள் அவர்களில் நிறைய. ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு இந்த வாரம் எங்கே என்ன மலிவு என்று சொன்னதும் அந்த நோட்டீஸ்தான். குப்பை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாட்டிக்கு வேண்டும் என்பதற்காக எல்லார் வீட்டிலும் போட வேண்டியதில்லை. ‘ஆம்–ஆம்’ ஒட்டுத்தாள் இருப்பதே அந்தப் பாட்டிக்காகத்தான். விநியோகித்தவர்களுக்கு மாற்று வேலை என்ன என்பதை அந்தச் சட்டங்கள் எதுவும் யோசித்ததாகத் தெரியவில்லை, அது குறைதான்.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இந்தத் தலைவலி காகிதமாக வருவது குறைவு. விளம்பரம் தபாலில் வருவதைவிடக் காலைப் பத்திரிகையின் மடிப்புக்குள் வருவதே அதிகம். அதுவும் மாதக் கடைசியில் எடைக்குப் போய்க் காசாகிவிடுகிறது. நம் குப்பைத் தபால் கைபேசியில் விழுகிறது. இங்கேயும் மௌனத்துக்குச் சம்மதம் என்றுதான் பொருள்: 1909 என்ற எண்ணில் பதிந்து வேண்டாம் என்று சொல்லாதவரை, பதிவு பெற்ற நிறுவனங்கள் விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இன்னும் பதியாதவர்கள் பதிந்துவிடுங்கள். கடன் கொடுக்கத் துடிப்பவர்கள் எல்லாரும் அடங்கிவிட மாட்டார்கள், ஆனாலும் புகார் கொடுக்க ஒரு பிடி கிடைக்கும்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் மகளும் நானும் உட்கார்ந்து அந்தக் கடன் அட்டை விலக்கைச் செய்து முடித்தோம். ஐந்தாண்டு விலக்கு இணையத்தில் சில நிமிடங்களில் ஆகிவிட்டது. நிரந்தர விலக்குக்கு மட்டும் ஒரு படிவத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, தபாலில்தான் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினாள். தபால்தலை செலவு அவளுடையது. கொஞ்ச காலத்தில் அந்த உறைகள் நின்றுவிட்டன என்று போனில் சொன்னாள். என் பெயருக்குக் கூரைக்காரரும் இப்போது எழுதுவதில்லை. பெயரில்லாமல், ‘லோக்கல் போஸ்டல் கஸ்டமர்’ என்று மட்டும் அச்சிட்ட சூப்பர் மார்க்கெட் நோட்டீஸ் வாரம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.